70/700 தொலைநோக்கியில் ஃபோகஸர் ஆடுகிறது, என்ன செய்வது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே தொல்லை உள்ள வேறு யாராவது படித்தாலும் புரியும். மகளுக்கு வாங்கிய 70/700 லென்ஸ் தொலைநோக்கி, அதாவது லென்ஸ் அகலம் 70 மி.மீ., குவியத்தூரம் 700 மி.மீ. நிலா நன்றாகத் தெரிகிறது. வியாழன் பக்கம் திருப்பி 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) போட்டால், ஃபோகஸ் குமிழை முன்னும் பின்னும் திருப்பும்போதெல்லாம் கோள் பக்கவாட்டில் துள்ளுகிறது. ஐபீஸ் மாட்டும் குழாயைக் கையால் பிடித்து அசைத்தால் 'டக் டக்' என்று ஆடுகிறது. விற்ற கடையில் கேட்டதற்கு, குமிழுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்க்ரூக்களை இறுக்கச் சொன்னார்கள். இறுக்கினால் குமிழ் கனத்துப் போகிறது, ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. புது ஃபோகஸர், அதாவது குமிழும் குழாயும் சேர்ந்த அந்த ஃபோகஸ் அமைப்பு, வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். அந்த ஸ்க்ரூக்களை மேலும் இறுக்கவும் வேண்டாம், தளர்த்திப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடுங்கள். உங்கள் ஆட்டம் பல்சக்கரத்தில் இல்லை. குழாய்க்கும் அது ஓடுகிற கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது. அங்கே சரியான இடத்தில், சரியான கனத்தில் பேக்கிங் (இடைவெளியை அடைக்கும் மெல்லிய பட்டை) கொடுத்துவிட்டால் இதே பிளாஸ்டிக் ஃபோகஸர் ஒழுங்காக வேலை செய்யும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம், மெல்லிய இரட்டைப் பக்க டேப், ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருந்தால் போதும்.

பொருளைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். தொலைநோக்கியின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. அதற்குள் நுழைந்து வெளியே வருவது ஃபோகஸ் குழாய். இந்தக் குழாயின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பல்வரிசை ஓடும். இரண்டு குமிழ்களையும் இணைக்கும் உருளைக் கம்பியின் நடுவில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது இந்தப் பல்வரிசையில் கடித்துக்கொண்டு குழாயை முன்னும் பின்னும் தள்ளும். கம்பியைத் தாங்கிப் பிடிப்பது ஒரு சிறு மூடித் தகடு. அதில் இரண்டு அல்லது நான்கு ஸ்க்ரூ இருக்கும். கூட்டின் மேல்பக்கம் கையால் திருகும் பூட்டுத் திருகு ஒன்று. விலை குறைந்த தொலைநோக்கிகளில் பெரும்பாலும் இதே அமைப்புதான், பெயர் மட்டும் மாறும்.

இப்போது அந்தக் கூட்டின் துளையையும் குழாயையும் நேர்பின்னால் நின்று பாருங்கள். பெரிய வட்டத்துக்குள் ஒரு சின்ன வட்டம். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பெரிய வட்டத்துக்குள் இருக்கும் சின்ன வட்டம் ஒரே ஒரு இடத்தில்தான் அதைத் தொட முடியும். கடைக்காரர் சொன்னபடி மூடித் தகட்டை இறுக்கினால் பல்சக்கரம் குழாயை மேல்நோக்கி அழுத்தும். குழாய் கூரையில் போய் ஒட்டும், ஆனால் ஒரே கோட்டில்தான் ஒட்டும். அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு இடமும் வலமும் உருளுவதற்கு அதற்குத் தடையே இல்லை. இன்னும் இறுக்கினால் பல்லுக்குப் பல் உராய்ந்து குமிழ் கனக்கும், பிளாஸ்டிக் பல் தேயும், பக்கவாட்டு ஆட்டம் மட்டும் போகாது. நீங்கள் பார்த்தது இதைத்தான்.

ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோட்டில் தொட வைத்தால் கதை மாறிவிடும். கடிகார முகப்பாக நினைத்துக்கொண்டால் பல்வரிசை 6 மணியில் இருக்கிறது. 10 மணிக்கும் 2 மணிக்கும் ஒவ்வொரு பட்டை பேக்கிங் ஒட்டினால், பல்சக்கரம் மேலே தள்ளும்போது குழாய் அந்த இரண்டு பட்டைக்கும் நடுவே போய் உட்காரும். மூன்று பக்கமும் பிடி. இனி அது உருள முடியாது. வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

விலை உயர்ந்த தொலைநோக்கிகளில் வரும் கிரேஃபோர்டு ஃபோகஸரும் இதே தத்துவம்தான். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வால் என்ற வானியல் ஆர்வலர் வடிவமைத்தது. அவர் சார்ந்திருந்த கிரேஃபோர்டு மேனர் ஹவுஸ் வானியல் சங்கத்தின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பல்வரிசையே கிடையாது. நான்கு பேரிங்குகள் இரண்டு வரிசையாகக் குழாயை ஒரு பக்கம் தாங்கும், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு உருளை அழுத்தும். அவர் அதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டதால் 1970களில் இருந்து யார் வேண்டுமானாலும் செய்துகொள்ள முடிந்தது. நாம் எக்ஸ்ரே ஃபிலிமில் செய்யப்போவது அந்த ஏற்பாட்டின் எளிய வடிவம்.

இவ்வளவு சின்ன இடைவெளியா இத்தனை தொல்லை தருகிறது என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கூட்டின் உள்நீளம் 40 மி.மீ., இடைவெளி 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். குழாய் 100 மி.மீ. வெளியே நீண்டிருந்தால் அதன் நுனி ஒரு மில்லிமீட்டர் ஆடும். அதில் பாதி, அதாவது அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே, 700 மி.மீ. குவியத்தூரத்தில் வானத்தில் அது ஏறக்குறைய இரண்டரை ஆர்க் நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் நிமிடம்). வியாழனின் அகலம் சுமார் முக்கால் ஆர்க் நிமிடம்தான். ஆக, கோள் தன் அகலத்தைப் போல மூன்று மடங்கு தூரம் துள்ளும். நிலாவின் அகலம் சுமார் 30 ஆர்க் நிமிடம் என்பதால் அங்கே இந்தத் துள்ளல் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை.

கழற்றுவதற்கு முன்னால் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபோகஸரைத் திட்டிக்கொண்டிருப்போம், ஆடுவது வேறு ஏதாவதாக இருக்கும். பகலில் தூரத்தில் இருக்கும் செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பாருங்கள். சூரியன் இருக்கும் திசைக்கு நேர் எதிர்ப்பக்கமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மகளும் கூட இருப்பாள் என்பதால் இதையும் சொல்கிறேன்: சில தொலைநோக்கிகளோடு ஐபீஸில் திருகி மாட்டும் கறுப்பு 'சன் ஃபில்டர்' ஒன்று வரும். பெட்டியில் அது இருந்தால் இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். லென்ஸ் குவிக்கும் வெப்பத்தில் அது விரிசல் விட்டால், கண்ணை எடுக்க நேரம் இருக்காது.

கோபுரம் நடுவில் தெரியும்போது, முதலில் ஐபீஸை மட்டும் லேசாக அசையுங்கள். படம் ஆடினால் டயகனலில் (குழாய்க்கும் ஐபீஸுக்கும் நடுவே ஒளியைத் திருப்பும் வளைந்த துண்டு) ஐபீஸ் பிடிக்கும் சின்னத் திருகு சரியாக இறுகவில்லை. அடுத்து டயகனலை அசையுங்கள். அது குழாயில் தளர்வாக உட்கார்ந்திருந்தால், நுழையும் பகுதியில் ஒரு சுற்று செல்லோடேப் சுற்றினாலே சரியாகிவிடும். மூன்றாவதாக, ஒரு கையால் பெரிய குழாயையும் மறு கையால் ஃபோகஸர் கூட்டையும் பிடித்து அசைத்துப் பாருங்கள். கூடே ஆடினால், அதைப் பெரிய குழாயோடு சேர்க்கும் மூன்று ஸ்க்ரூக்களில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. கடைசியாகத்தான் ஃபோகஸ் குழாய். குமிழைத் தொடாமல் குழாயின் நுனியை இடம் வலமாகவும், பிறகு மேல் கீழாகவும் அசைத்து, எந்தத் திசையில் ஆட்டம் அதிகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு உதவும். தொட்டவுடன் படம் முழுவதும் நடுங்கி, ஓரிரு நொடியில் தானாக நின்றுவிட்டால் அது முக்காலியின் நடுக்கம். அது தனி வைத்தியம்.

சரி, கழற்றலாம். முன்பக்க லென்ஸுக்கு மூடி போட்டு, தொலைநோக்கியை முக்காலியிலிருந்து இறக்கி மேஜை மேல் ஒரு துண்டை விரித்துப் படுக்கவையுங்கள். டயகனலையும் ஐபீஸையும் எடுத்துத் தனியாக மூடி வையுங்கள். முன்பக்க லென்ஸை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். இந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பூட்டுத் திருகை நன்றாகத் தளர்த்திக்கொண்டு, மூடித் தகட்டின் ஸ்க்ரூக்களை எடுங்கள். தகட்டில் நான்கு ஸ்க்ரூ இருந்து, அதில் இரண்டு தலையில்லாமல் உள்ளே புதைந்து ஆலன் கீ கேட்டால், அவை பல்சக்கரத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பவை. அவை எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகடு வந்ததும் குமிழ்களோடு சேர்ந்து கம்பி கையோடு வந்துவிடும். தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டோ காகிதத் துண்டோ இருந்தால் தொலைத்துவிடாதீர்கள். இப்போது குழாய் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும். சில மாடல்களில் குழாயின் உள்முனையில் ஒரு தடுப்பு இருக்கும். இழுத்தும் வரவில்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள். கூட்டைப் பெரிய குழாயோடு சேர்க்கும் மூன்று ஸ்க்ரூவையும் எடுத்துக் கூட்டையே தனியாகப் பிரித்து, குழாயை முன்பக்கமாக எடுத்துவிடலாம்.

உள்ளே கையை வைத்தால் பிசுக்கென்று ஒட்டும் ஒரு கிரீஸ் இருக்கும். தொழிற்சாலையில் அதை இப்படி அள்ளிப் பூசுவதற்குக் காரணம் உண்டு. கெட்டியான கிரீஸ் இடைவெளியை நிரப்பி, புதிதில் ஆட்டம் தெரியாமல் செய்துவிடும். கடையில் குமிழைத் திருப்பிப் பார்க்கும்போது கனமாக, வழுவழுவென்று இருக்கும். சில மாதத்தில் கிரீஸ் ஓரமாக ஒதுங்கியதும் உண்மையான இடைவெளி வெளியே வந்துவிடுகிறது. எனவே பேக்கிங் அளவு எடுப்பதற்கு முன்னால் கிரீஸ் முழுவதையும் எடுத்தாக வேண்டும்.

துடைப்பதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க ஐபிஏ என்று வைத்திருப்பார்களே, அதுதான். முதலில் டிஷ்யூ காகிதத்தால் வழித்தெடுத்துவிட்டு, பிறகு பழைய டூத்பிரஷ்ஷில் இதைத் தொட்டுப் பல்வரிசையின் ஒவ்வொரு இடுக்கையும் தேயுங்கள். பெட்ரோல், தின்னர், நெயில்பாலிஷ் நீக்கும் அசிட்டோன் மூன்றும் வேண்டவே வேண்டாம். இந்தக் கூடுகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அசிட்டோனும் தின்னரும் பட்டால் மேற்பரப்பு இளகிக் குழைந்துவிடும். ஐபிஏ கிடைக்காவிட்டால் பாத்திரம் துலக்கும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும், நன்றாகக் காய வைத்துவிட்டால் சரி.

குழாய் கையில் இருக்கும்போதே அதன் உட்பக்கத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று இருந்தால் கரும்பலகைக்கு அடிக்கும் மேட் கறுப்பு பெயின்ட் ஒரு பூச்சு கொடுத்து, ஒருநாள் முழுவதும் காயவிடுங்கள். நிலாவைப் பார்க்கும்போது வரும் வெள்ளை மங்கல் கொஞ்சம் குறையும். ஆட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனால் இதற்காக இன்னொரு முறை யார் கழற்றப்போகிறார்கள்.

இப்போது அளவு. வெர்னியர் அளவுகோல் இல்லாவிட்டால் கவலை வேண்டாம், ஜெராக்ஸ் காகிதம் போதும். சாதாரண 80 ஜிஎஸ்எம் காகிதம் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. அதை விரல் அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். சுத்தமான குழாயைச் சுத்தமான கூட்டுக்குள் விட்டு, 6 மணிப் பக்கம் படிந்திருக்குமாறு கீழே அழுத்திக்கொண்டு, 12 மணிப் பக்கத்தில் ஒரு பட்டையைச் செருகுங்கள். எளிதாகப் போனால் இரண்டு, பிறகு மூன்று. உரசிக்கொண்டு போகிற எண்ணிக்கைதான் உங்கள் மொத்த இடைவெளி. நான்கு பட்டை போனால் 0.4 மி.மீ. கூட்டின் வெளிவாயில் ஒரு முறையும், மறுபக்கம் உள்வாயில் ஒரு முறையும் அளந்துகொள்ளுங்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் என்பதால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

10 மணியிலும் 2 மணியிலும் ஒட்டும் பட்டையின் கனம், அளந்த மொத்த இடைவெளியில் பாதி இருந்தால் குழாய் துளையின் சரியான நடுவில் வந்து நிற்கும். இடைவெளி 0.4 என்றால் பட்டை 0.2. பழைய எக்ஸ்ரே ஃபிலிமின் பாலியெஸ்டர் ஏறக்குறைய இந்தக் கனத்துக்கு வரும், 0.2-க்குச் சற்றே குறைவு. கிழியாது, வழுக்கும், தேயாது. வீட்டு அலமாரியில் எப்படியும் ஒன்று கிடக்கும். பழைய கறுப்பு ஃபிலிமாக இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு வழிந்து, கண்ணாடி மாதிரி ஷீட் மட்டும் மிஞ்சும். பூச்சோடு ஒட்டாதீர்கள். மழைக்காலத்து ஈரத்தில் அது பிசுபிசுக்கும். இடைவெளி குறைவு என்றால் ஓஎச்பி ஷீட் (புரொஜெக்டரில் வைத்துக் காட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்) சரியாக இருக்கும், அது 0.1 மி.மீ. அளவு. மிக அதிகமாக இருந்தால் தண்ணீர் பாட்டிலின் நேரான பக்கத்தை வெட்டிக்கொள்ளலாம்.

பலர் பிளம்பர் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்ளான் டேப்பைச் சுற்றச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது பசையில்லாத, மிருதுவான, இழுத்தால் நீளும் பொருள். குழாய் முன்னும் பின்னும் ஓடும்போது சுருண்டுகொண்டு, நூல் மாதிரிப் பிரிந்து பல்சக்கரத்தில் போய்ச் சிக்கும். பசையுள்ள டெஃப்ளான் பட்டை கிடைத்தால் அது வேறு விஷயம், எக்ஸ்ரேயைவிடவும் நல்லது. பாக்கெட் சீல் செய்யும் மெஷினில் சூட்டுக்கம்பி மேல் ஒட்டியிருக்கும் பழுப்பு நிற டெஃப்ளான் துணியும் அந்த வகைதான், பசை வைத்தே சில கடைகளில் விற்கிறார்கள்.

பட்டைகளை ஐந்து முதல் எட்டு மி.மீ. அகலத்தில் வெட்டுங்கள். கூட்டின் முழு நீளத்துக்கும் ஒரே பட்டையாக ஒட்டுவதைவிட, வெளிவாயில் ஒரு ஜோடி, உள்வாயில் ஒரு ஜோடி என்று நான்கு சின்னப் பட்டைகளாக, ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஒட்டுவது மேல். உராய்வு குறையும். தவிர, பிடிக்கிற இடங்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு குறைவாகக் குழாய் சாயும். ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் மணல் காகிதத்தில் ஒருமுறை இழுத்துச் சரிவாக்குங்கள். இல்லாவிட்டால் குழாயை நுழைக்கும்போது ஓரம் தட்டிப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும்.

முதல் தடவை நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். தற்காலிகமாகச் செல்லோடேப்பால் பிடிக்க வைத்து, குழாயை உள்ளே விட்டுக் கையாலேயே முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். இந்த இடத்தில் பொறுமையாக இருங்கள். பல்சக்கரம் தள்ளுவது போலக் குழாயை 6 மணிப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி அழுத்திப் பிடித்தும் இடம் வலமாக உருண்டால் பட்டை மெல்லியது. அப்படி அழுத்தியபடியே தள்ளும்போது உருளாமல் வழுக்கி ஓடினால் சரியான அளவு. எங்காவது ஓரிடத்தில் மட்டும் இறுகினால் அங்கே பட்டை உயரம், அல்லது குழாயே முழு வட்டமாக இல்லை. கனத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டுமானால் பட்டைக்கு அடியில் ஒரு அடுக்கு செல்லோடேப் கொடுங்கள், சுமார் 0.05 மி.மீ. ஏறும். அளவு பிடிபட்டதும், மெல்லிய இரட்டைப் பக்க டேப்பால் நிலையாக ஒட்டுங்கள். அந்த டேப்புக்கும் கனம் உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பஞ்சு வைத்த தடித்த இரட்டை டேப் இங்கே உதவாது, அமுங்கி அமுங்கி எழும்பும்.

ஃபெவிக்விக் போன்ற சூப்பர் க்ளூவால் ஒட்ட நினைத்தால், கூட்டைத் தொலைநோக்கியிலிருந்து முழுதாகப் பிரித்தெடுத்து வேறு அறையில் வைத்து ஒட்டுங்கள். அதன் ஆவி கண்ணாடியில் படிந்து வெள்ளைப் புகை போட்டாற்போல் ஆக்கிவிடும். ஒட்டி முடித்ததும் உடனே மாட்டாமல் ஒரு இரவு காற்றில் வைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மேல் கீழாக மட்டும் சின்ன ஆட்டம் மிஞ்சலாம். காரணம் டயகனலும் ஐபீஸும் தரும் எடை. அவை குழாயின் வெளிநுனியைக் கீழே இழுக்கின்றன. அதனால் உள்முனை மேலே தூக்கி நம் பட்டைகளில் நன்றாகப் பதிந்துகொள்கிறது. வெளிவாயிலோ பாரம் முழுவதும் கீழ்ப்பக்கம் இறங்குகிறது, அங்கே நாம் எதுவும் வைக்கவில்லை. எனவே வெளிவாயில் மட்டும், பல்வரிசைக்கு இரண்டு பக்கமும், அதாவது 5 மணியிலும் 7 மணியிலும், ஓஎச்பி ஷீட்டில் மெல்லிய பட்டை இரண்டு கொடுங்கள். பல்வரிசையை அது தொடக்கூடாது.

இனி பல்சக்கரம். பல்வரிசையில் ஒரு பொட்டு சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், பல் இடுக்கில் மெல்லிய ஈரம் தெரிந்தால் போதும். பிளாஸ்டிக்கை அது பாதிக்காது. குழாயின் வழவழப்பான பக்கத்துக்கும் நம் பட்டைகளுக்கும் கிரீஸ் தேவையே இல்லை. வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் இருக்கிறதே என்று விடாதீர்கள். அது ஓடும், பரவும், நாளடைவில் கண்ணாடி வரை போகும். தேங்காய் எண்ணெய் அதைவிட மோசம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும், மார்கழி இரவில் நல்ல வானம் கிடைக்கிற நேரத்தில் ஃபோகஸர் இறுகிப்போய் நிற்கும்.

கம்பியை வைத்து, மூடித் தகட்டைப் போட்டு, ஸ்க்ரூக்களைத் திருகுங்கள். பிளாஸ்டிக்கில் நேரடியாகத் திருகும் ஸ்க்ரூ என்பதால் பழைய மரை கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரூவைத் துளையில் வைத்து முதலில் எதிர்த்திசையில், கழற்றுகிற பக்கமாக, மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'க்ளிக்' என்று லேசாக இறங்கும். அந்த இடம்தான் பழைய மரையின் வாய். அங்கிருந்து இறுக்கினால் விரல் பலத்திலேயே போய்விடும். வலது இடது என்று மாற்றி மாற்றி, கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே, இடையிடையே குமிழைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். குமிழில் வெற்றுத் திருப்பல் போய், குழாய் உடனுக்குடன் நகர ஆரம்பிக்கும் நிலை ஒன்று வரும். அதைத் தாண்டி ஒரு நூல்கூட வேண்டாம். முழுதாக இறுக்கியும் வெற்றுத் திருப்பல் போகவில்லை என்றால், தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஓஎச்பி ஷீட் துண்டு ஒன்றைச் செருகுங்கள், பல்சக்கரம் பல்வரிசைக்கு அருகே நகரும்.

குமிழ் சுற்றியும் குழாய் நகரவே இல்லை என்பது வேறு நோய். குமிழ் கம்பியில் வழுக்குகிறதா என்று முதலில் பாருங்கள். சில குமிழ்களின் நடுவில் ஒரு மூடியைப் பெயர்த்தால் உள்ளே சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை இறுக்கினால் தீர்ந்தது.

மேலே உள்ள பூட்டுத் திருகைப் பற்றி ஒரு வார்த்தை. அது 12 மணியில் இருந்து குழாயைக் கீழே அழுத்துகிறது, நாமோ குழாயை மேல்நோக்கி உட்காரவைத்திருக்கிறோம். இரண்டும் எதிரெதிர். அதனால் ஃபோகஸ் செய்துவிட்டுப் பூட்டினால் படம் நகரும். கண்ணால் பார்ப்பதற்கு இதைப் பூட்டவே தேவையில்லை. கைபேசியை ஐபீஸில் மாட்டிப் படம் எடுக்கும்போது எடை தாங்காமல் குழாய் இறங்கினால் மட்டும் மிக மெல்லத் தொடும் அளவுக்குத் திருகுங்கள். திருகின் நுனி குழாயைக் கீறாமல் இருக்க அடியில் ஒரு சின்ன நைலான் துண்டைப் போட்டுவிடலாம்.

சோதனை. பகலில் அதே கோபுரம். குமிழை ஒரு பக்கமாகக் கடந்து போய், திரும்பவும் கூர்மைக்கு வந்து பாருங்கள். முன்பு துள்ளிய உச்சி இப்போது இருந்த இடத்திலேயே மங்கி, இருந்த இடத்திலேயே தெளிய வேண்டும். இரவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸை உள்ளேயும் வெளியேயும் நகர்த்தினால், வளையங்கள் விரியும் வட்டம் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று குழப்பமாக இருந்தால் துருவ நட்சத்திரத்தைப் பிடியுங்கள், அது ஏறக்குறைய அசையாது. தமிழ்நாட்டில் அது தொடுவானத்துக்கு மேலே 8 முதல் 13 பாகை உயரத்தில்தான் நிற்கும், வடக்கே மறைப்பு இல்லாத மொட்டைமாடி வேண்டும்.

உங்கள் 70/700-க்கு எஃப் எண் (குவியத்தூரத்தை லென்ஸ் அகலத்தால் வகுத்தால் வருவது) 10. கூர்மையாகத் தெரிகிற ஃபோகஸின் மொத்த அகலமே ஏறக்குறைய 0.2 மி.மீ. குமிழின் ஒரு சுற்றுக்குக் குழாய் இரண்டு சென்டிமீட்டர் ஓடினால், கூர்மை என்பது குமிழில் ஒரு சுற்றின் நூற்றில் ஒரு பங்கு. விரலால் அதைப் பிடிப்பது கடினம். குமிழில் ஒரு துணி கிளிப்பை மாட்டி, அதன் நுனியை நெம்புகோலாகத் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் போன ஃபோகஸரில் இது அபாரமாக வேலை செய்யும். மகளின் கைக்கும் எளிது, தொலைநோக்கி நடுங்குவதும் குறையும்.

76/700, 114/900, 130/650 போன்ற, லென்ஸுக்குப் பதில் முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒளியைத் திருப்பும் கண்ணாடி உள்ள தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கும் வைத்தியம் இதேதான், இரண்டு வித்தியாசங்களோடு. ஃபோகஸர் பக்கவாட்டில் இருப்பதால், அதைக் கழற்றும்போது பெரிய குழாயைப் படுக்கவைத்து, ஃபோகஸர் துளை பக்கவாட்டிலோ சற்றுக் கீழ்நோக்கியோ இருக்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள். கை தவறிய ஸ்க்ரூ வெளியே விழ வேண்டும், உள்ளே கண்ணாடி மேல் விழக்கூடாது. வேலை முடிந்தபின் கண்ணாடிகள் ஃபோகஸ் குழாய்க்கு நேராகச் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், குழாயின் சாய்வு மாறியதால் அது கொஞ்சம் விலகியிருக்கும். 130/650-இல் எஃப் எண் 5 என்பதால் கூர்மையின் அகலம் உங்களுடையதில் நான்கில் ஒரு பங்குதான். அங்கே இந்தப் பேக்கிங் வேலை இன்னும் அவசியம்.

புது ஃபோகஸர் வாங்கியே ஆக வேண்டிய நிலை இரண்டுதான்: பல்வரிசையில் பற்கள் உடைந்திருப்பது, கூடே விரிசல் விட்டிருப்பது. அப்படி வாங்க நேர்ந்தால் பெரிய குழாயின் உள்விட்டம், ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி, ஃபோகஸ் குழாய் முழுதாக உள்ளே போனபின் வெளியே நிற்கும் உயரம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு கேளுங்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அந்த நிலை இல்லை. கிரீஸைத் துடைத்துவிட்டு, காகிதப் பட்டை எத்தனை போகிறது, வெளிவாயில் எவ்வளவு, உள்வாயில் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். பட்டையின் கனத்தை அதற்கேற்பச் சொல்கிறேன்.